மன்னர் கை தட்டும் வரை

ராஜாக்கள் மத்தியானம் தூங்கும்போதுதான் உலகத்தின் முக்கியமான காரியங்களில் பாதி நடந்து முடிந்திருக்கிறது என்பதற்கு, லியோன் நகரத்துச் சலவைக்காரி பெரினுடைய மகள் ரொசாலி தன் பதினேழாவது வயதில், ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குக் குதித்த குதிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. நாட்டிய அரங்கின் பின்கட்டில் ஆட்டக்காரிகளின் காலுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்த பெரின், துவைப்பவள் மகளும் துவைக்கத்தான் வேண்டுமா என்று ஒருநாள் யோசித்து, எட்டு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் பாலே ஆசிரியர் முன்னால் நிறுத்தினாள். ஒன்பது வருஷம் கழித்து, பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு குழுவோடு, தாயும் மகளும் ஒரே மரப்பெட்டியோடு வால்டன்பெர்க் ராஜ்ஜியத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வால்டன்பெர்க் பெரிய ராஜ்ஜியம். காலையில் குதிரையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த நாட்டில் இருக்கலாம்.

அந்த அரண்மனையில், அந்தக் காலத்து எல்லா அரண்மனைகளையும் போலவே, மன்னர் கை தட்டுவதற்கு முன்னால் வேறு யாரும் தட்டக் கூடாது. தட்டியவர்கள் இல்லை. தட்டினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களும் இல்லை.

பன்னிரண்டு பெண்கள் ஒரே வரிசையில் ஓடிவந்து ஒரே நேரத்தில் குதித்தார்கள். பதினொரு பேர் இறங்கினார்கள். ரொசாலி இறங்கவில்லை. ஒரு கால் முன்னே நீண்டிருக்க, ஒரு கால் பின்னே நீண்டிருக்க, கைகள் இரண்டும் கொக்கு சிறகை விரித்த மாதிரி விரிந்திருக்க, மேடைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மன்னர் காடை வறுவல் நிரம்பிய வயிற்றின் மேல் கையை வைத்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. சம்பிரதாயங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, தோல் அட்டை போட்ட விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, ‘மன்னர் கை தட்டாமல் ஆட்டம் முடிவதில்லை’ என்கிற வரியின் மேல் விரலை வைத்து, “இந்தப் பெண் ஒருத்திதான் ஒழுங்காக இருக்கிறாள்” என்றார். மன்னரின் அனுமதியில்லாமல் தரைக்கு வந்துவிட்ட மற்ற பதினொரு பெண்களும் அன்றைக்கே கண்டிக்கப்பட்டார்கள். வயலின்காரர்கள் கடைசி ஸ்வரத்தை விடாமல், முறை மாற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பெரின் எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஒரு கையில் சூப் கிண்ணம், ஒரு கையில் மகளுக்குப் போர்த்தக் கம்பளிச் சால்வை.

“ஏய், அங்க என்னடி பண்ற?”

“தெரியலம்மா. ராஜா இன்னும் தட்டல.”

“தட்டலைன்னா?”

“இறங்க வர மாட்டேங்குது.”

“சரி. வாயை மூடிக்கிட்டு நில்லு. ஈ போயிடும்.”

ஒன்றரை மணி நேரம் கழித்து மன்னர் கண் விழித்தார். விழித்ததும் நாக்கு வறண்டிருந்ததால், எலுமிச்சைச் சாறு கொண்டுவரச் சொல்லி இரண்டு தட்டுத் தட்டினார். ரொசாலி, பாவாடை மடிப்புக்கூடக் கலையாமல், ஓர் இறகு இறங்குவது போல இறங்கினாள். சபையே எழுந்து நின்று கை தட்டியது. தான் விழித்துக்கொண்டதற்காகத்தான் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து மன்னர் நாலு பக்கமும் தலையசைத்தார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பியதும், சால்வைக்குள் சுருண்டபடி ரொசாலி கேட்டாள். “அம்மா, இன்னைக்கு எப்படி இருந்துச்சு?”

“முட்டி மடங்குச்சு” என்றாள் பெரின்.

ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் ரொசாலி அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கியிருப்பாள். ஆனால் பெரின் மகளைப் புகழ்ந்ததில்லை. மகள் ஆடியதற்கு ஒருநாளும் கை தட்டியதில்லை. பெற்றவள் தட்டினால் பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று மற்றவர்களிடம் காரணம் சொல்வாள். அதோடு, தட்டுவதற்குக் கை ஏது? ஒன்றில் சூப், ஒன்றில் சால்வை.

செய்தி குதிரைகளைவிட வேகமாகப் பரவியது. அடுத்த இருபத்துநாலு வருஷம் ரொசாலி ஐரோப்பாவின் அரண்மனை அரண்மனையாகப் போய்க் குதித்தாள். போன இடத்திலெல்லாம் அவள் மேலே நிற்பதைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் நிற்கிற இடத்தில் அரண்மனை ஒழுங்கை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் கேட்டார்கள். மன்னருடைய தலைக்கு மேல் இன்னொருவர் தலை இருக்கலாகாது என்று எல்லா நாட்டிலும் விதி இருந்தது. ஆகவே சிம்மாசனங்களை உயர்த்தினார்கள். அவள் நின்ற இடத்தில் நிற்காமல் மணிக்கு நாலு விரல் அளவு மேலே போய்க்கொண்டிருந்ததால், சிம்மாசனங்களின் கீழே தச்சர்கள் உட்கார்ந்து மணிக்கு நாலு விரல் கட்டையாகச் செருகிக்கொண்டே இருந்தார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாத ஒரு சிற்றரசர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவள் ஆடுவதை ஒருமுறையும் பார்க்காமலேயே அவளுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்.

இன்னொரு அரண்மனையில் கயிறு கட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றை எட்டுக் காவலர்கள் பிடித்து இழுத்தார்கள். எட்டுப் பேரும், பூட்ஸ் காலோடு, வரிசை குலையாமல் மேலே போனார்கள். மன்னர் அவசரமாகத் தட்டிய பிறகுதான் எல்லோரும் இறங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் கயிற்றைப் பற்றிப் பேசவில்லை.

அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிற வழியைப் பெரின்தான் கண்டுபிடித்தாள். சரவிளக்கு ஏற்றுகிற நீளக் கோலின் நுனியில் கிண்ணத்தைக் கட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மகளுடைய உதட்டுக்கு நேராகக் கொண்டுபோவாள். “ஊதிக் குடி. அவசரப்படாத. அந்த வெள்ளி முடிக்காரர் தட்டுறதுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும் போல இருக்கு.” அப்படி நின்ற நாட்களில் மற்ற தேவைகளை அவள் என்ன செய்தாள் என்பது பற்றி அரண்மனைக் குறிப்புகள் எதுவும் சொல்லவில்லை, சொல்லாதது அவற்றின் மரியாதை.

ஏன் இரண்டு நாள் என்றால், அதற்குள் தட்டாமல் இருப்பது ஒரு வீரமாகிவிட்டது. வடக்கே பனிநாட்டுப் பேரரசி மூன்று பகல் மூன்று இரவு தட்டவில்லை. ரொசாலி கூரையில் வரைந்திருந்த தேவதைக் குழந்தைகளின் பக்கத்தில் போய், அவர்களில் ஒருவனுடைய கன்னத்தில் கன்னம் உரசும்படி நின்றாள். எங்கள் பேரரசி மூன்று நாள் தாங்கினார், உங்கள் ராஜா மூன்று மணி நேரத்தில் தட்டிவிட்டாரே என்று தூதர்கள் ஒருவரையொருவர் குத்திக்காட்டினார்கள். நாலாவது மணியில் தட்டிய ஓர் இளவரசரைப் பலவீனர் என்று முடிவுகட்டி, பக்கத்து நாட்டுக்காரர்கள் அவருடைய ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குக் கீழேயே மந்திரிகள் கூடிப் பேசினார்கள், பெண்கள் பின்னல் பின்னினார்கள், சீட்டாடினார்கள், பெண் பார்த்தார்கள். முதல் மணிக்குப் பிறகு ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஐரோப்பாவிலேயே மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரி அவள்தான். அவளுடைய ஆட்டத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒருவன் பார்த்தான். சிம்மாசனத்துக்குச் சாரம் கட்டிய ழில்பேர் என்கிற தச்சன், சாரத்தின் உச்சியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தவன், திரும்பியபோது அவள் முகம் நேருக்கு நேர் இருந்தது.

“கால் வலிக்கலயா?” என்று கேட்டான்.

அதுவரை அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். தரையில் இருந்தால் என்ன செய்வாய் என்று அவன் கேட்டான். மழை பெய்து முடிந்த பிறகு ஈரக் கல் தெருவில் நடந்து போய் வெங்காயம் வாங்குவேன் என்று அவள் சொன்னாள். அவன் அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். சாயங்காலம் மன்னர் தட்டிவிட்டார். அவள் கீழே வந்தாள். அவன் மேலேயே நின்றான். அவன் சாரத்தில் இறங்கி முடிப்பதற்குள் அவளுடைய வண்டி அடுத்த நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தது.

“திரும்பித் திரும்பிப் பாக்காத, கழுத்து சுளுக்கிக்கும்” என்றாள் பெரின்.

இப்படியே நாற்பத்தொரு வயதாகிவிட்டது. இதோடு போதும், மோன்ஃப்ளோர் கோமகன் அரங்கில் ஒரே ஒரு தடவை, அதற்குப் பிறகு தரை, வெறும் தரை என்று தாயும் மகளும் பேசி முடிவுசெய்தார்கள். கோமகனும் நல்ல மனிதர், பொறுமை குறைந்தவர், அரை மணி நேரத்தில் தட்டிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். ரொசாலி குதித்தாள். கால் மணி ஆனபோது வெளியே பீரங்கிச் சத்தம் கேட்டது. கோமகன் எழுந்தார், நகைப்பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டார், நாய்க்குட்டியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார், சமையற்கட்டு வழியாகப் போய்விட்டார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தட்டவில்லை.

மறுநாள் மோன்ஃப்ளோர் குடியரசாகிவிட்டது. ஊரில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய இடம் அந்த அரங்கம் ஒன்றுதான் என்பதால் மக்கள் சபை அங்கேயே, ரொசாலிக்குக் கீழேயே, கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாஸ்தியான், கோமகனுக்குப் பொய்முடி செய்துகொண்டிருந்தவர். அதனால் மகுடம் உட்காருகிற இடத்தைப் பற்றி அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது. ராஜாவுக்குத்தான் முதலில் கை தட்டுகிற உரிமை, ஆகவே கை தட்டலே ராஜ சின்னம், ஆகவே குடியரசில் இனி யாரும் கை தட்டக் கூடாது, பிடித்திருந்தால் தொப்பியை உயர்த்தலாம் என்று முதல் சட்டம் போட்டார்கள். மீறித் தட்டுகிறவன் தன்னை ராஜா என்று நினைத்துக்கொள்கிறான்; ராஜாக்களுக்கு என்ன செய்வது என்பதற்கு ஏற்கெனவே சந்தையில் மேடை கட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. ஆயிரம் தொப்பிகள் உயர்ந்தன.

ரொசாலி மணிக்கு நாலு விரல் உயர்ந்துகொண்டிருந்தாள்.

பெரின் பாஸ்தியானைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, ஒரே ஒரு வாட்டி தட்டுங்க. உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?”

“கை தேயாது, தாயே. தலைதான் போயிடும்.”

“நீங்கதானே சபைக்குத் தலைவர்? நீங்க தட்டினா அவ இறங்கிடுவா.”

“அவ இறங்கிட்டா நான் ராஜான்னு ஆயிடும். இறங்கலைன்னா நான் ராஜாவா ஆகப் பாத்தேன்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க, நான் எப்படித் தட்டுறது?”

“எந்தக் கழுதையாவது தட்டட்டுமே!”

“கழுதை தட்டி ராஜா தட்டினாப்புல ஆகுமா? பகுத்தறிவோட பேசுங்க, தாயே.”

இருந்தாலும் இரக்கமில்லாத சபை என்று பெயர் வாங்கக் கூடாது என்பதற்காக, ஓடிப்போன கோமகனுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள்: எல்லைக்கு வந்து ஒரு தடவை தட்டிவிட்டுப் போகலாம், கைது செய்ய மாட்டோம். சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு தடவையே தட்டுகிறேன் என்று பதில் வந்தது. கடிதம் சபையில் வாசிக்கப்பட்டு, காறித் துப்பப்பட்டு, கோப்பில் சேர்க்கப்பட்டது.

ஆறாவது நாள் ரொசாலியின் முதுகு கூரையைத் தொட்டது. கூரை இருக்கிறவரைக்கும் கவலையில்லை என்று பெரின் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்று கோல்களை ஒன்றோடொன்று கட்டிச் சூப்பை ஏற்றினாள். பதினோராவது நாள் போர் வந்தது. துப்பாக்கிக் குண்டு வார்க்க ஈயம் வேண்டும். ஊரில் ஈயம் இருந்தது ஒரே இடத்தில், அரங்கத்துக் கூரையில், தகடு தகடாக. கூரையைப் பிரித்தால் மேலே இருப்பவள் என்ன ஆவாள் என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார். பிறகு, வானத்துக்குப் போகவிருக்கும் குடிமகள் ரொசாலிக்கு முன்கூட்டியே ஒரு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, ஒரு நிமிடம் தொப்பியை உயர்த்திப் பிடித்துவிட்டு, வியாழக்கிழமை காலை வேலையைத் தொடங்கலாம் என்று முடிவுசெய்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஏழு ஆட்கள் கூரை மேல் ஏறினார்கள். முதல் தகட்டைப் பெயர்த்தபோது வருஷக்கணக்காகத் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் கொட்டியது. அதோடு கொசுக்கள், ஒரு கரும்புகை போல, உள்ளே இறங்கிச் சபையின் மேல் பரவின. ரொசாலியின் தலைக்கு நேரே ஒரு கையகல வானம் தெரிந்தது. பிறகு ஒரு கதவகல வானம். அவள் கூந்தல் முதலில் வெளியே போனது. வெளிக்காற்று அதைப் பிடித்து இழுத்தது. கை, அந்தக் கூரையின் ஓரத்தில் இருந்த சுதைத் தேவதைக் குழந்தை ஒன்றின் பூச்சு உதிர்ந்த காலைப் பற்றிக்கொண்டிருந்தது.

பெரின் மூன்று கோலையும் உயர்த்திப் பார்த்தாள். எட்டவில்லை. கிண்ணம் காற்றில் ஆடி, பாதிச் சூப் பாஸ்தியானின் தோளில் கொட்டியது.

அவ்வளவு உயரத்திலிருந்து அம்மா ஒரு காலுறை அளவுக்குத் தெரிந்தாள். இனிமேல் வேறு எதையும் கேட்க நேரமில்லை என்று ரொசாலிக்குத் தெரிந்தது. ஆகவே இருபத்துநாலு வருஷமாகக் கேட்டதையே கேட்டாள்.

“அம்மா! இன்னைக்கு எப்படி இருந்துச்சு?”

பெரின் கோலை மெதுவாகத் தரையில் சாய்த்து வைத்தாள். கிண்ணத்தை அவிழ்த்துக் கீழே வைத்தாள். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, நாலாக மடித்து, கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். போகிறவளுக்கு இனிமேல் யார் கண் பட்டு என்ன ஆகிவிடப் போகிறது. இரண்டு கையையும் ஏப்ரனில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தபடி, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிச் சுருங்கிப்போன அந்தக் கைகளால், ஒரே ஒரு தடவை, ஓங்கி, தட்டினாள்.

ரொசாலியின் விரல்கள் தேவதையின் காலை விட்டன. அவள் கீழ்நோக்கி வந்தாள்.

வரும்போது அவளுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. எலுமிச்சைச் சாறு கேட்டுத் தட்டிய கை, வீரத்துக்குத் தட்டாத கை, நாய்க்குட்டியைத் தூக்கிய கை என்று வரிசையாக எல்லாக் கைகளும் ஞாபகத்துக்கு வந்தன. ராஜாவுக்கு முன்னால் ஒருத்தரும் தட்டியதில்லை. அதனால் வேறு யார் தட்டினால் இறங்குவாள் என்று ஒருத்தருக்கும் தெரிய வழியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் இவ்வளவுதானா என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி உயரத்தில் அழுகையும் வந்தது. தரை வந்ததும் இரண்டையும் நிறுத்திக்கொண்டாள்.

பாஸ்தியான் எழுந்தார்.

“யார் தட்டினது?”

எல்லோரும் தங்கள் கைகளைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

“நான்தான்” என்றாள் பெரின். “கொசு, ஐயா. பேய் மாதிரி கடிக்குது.”

பாஸ்தியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அவளுடைய உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டும் சுத்தமாக இருந்தன. “கொசு எங்கே, தாயே?”

“தப்பிச்சிடுச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய மகளைப் பார்த்தார். சந்தையில் கட்டி வைத்திருக்கிற மேடையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு எழுத்தரிடம் திரும்பி, தெளிவான குரலில் சொன்னார்: “எழுதிக்கொள். கை தட்டலுக்குக் காரணமான கொசு தலைமறைவாகிவிட்டது. தேடப்படுகிறது.” தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தொப்பியை உயர்த்திய கையோடு எல்லோரும் கொசு விரட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம், அந்தக் குடியரசு விழுகிற வரைக்கும், அந்த வழக்கு முடிக்கப்படாமல் இருந்தது என்று சொல்கிறார்கள். மற்ற அரண்மனைகளில் இந்தச் செய்தியைக் கேட்ட சம்பிரதாய அதிகாரிகள், விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள்.

வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாயும் மகளும் அந்த ஒரே மரப்பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஈரக் கல் தெருவில் நடந்தார்கள். ரொசாலி ஒவ்வொரு கல்லையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போனாள்.

“அம்மா.”

“என்ன?”

“நிஜமாவே கொசுதானா?”

“பின்ன? உனக்காகத் தட்டினேன்னு நெனச்சியா?” பெரின் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். “முட்டி வேற மடங்கியிருந்துச்சு.”

“சரிம்மா” என்றாள் ரொசாலி.

தெரு முனையில் ஒருத்தி கூடையில் வெங்காயம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ரொசாலி குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கொசு அடிக்கப் போகிறவள் கிண்ணத்தைக் கீழே வைப்பாள், அது சரி, சால்வையையும் வைக்கலாம். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு யாரும் கொசு அடிப்பதில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. நாலு வெங்காயம் எடுத்துக்கொண்டாள்.